மூன்றாம் இடத்தில் என் பெயர்

ஜனவரி 5, ஞாயிறு

சங்கத் தலைவர் தேர்தலுக்கு இன்னும் ஒரு வாரம். மனுவைத் திரும்பப் பெறும் நேரம் இன்று மாலையோடு முடிந்தது. மூன்று பேர் நிற்கிறோம். நான், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஆராவமுதன், ஒரு மருத்துவமனையில் மேட்ரனாக இருந்து ஓய்வுபெற்ற ஃபிலோமினா.

ஜெயிப்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கூட்டுறவுத் துறையில் துணைப்பதிவாளராக இருந்தவன். பால் சங்கம், நெசவாளர் சங்கம், வீட்டுவசதிச் சங்கம் என்று நான் நடத்திவைக்காத தேர்தல் கிடையாது. தொண்டாமுத்தூர்ச் சாலையில் இருக்கும் இந்த 'இளவேனில்' முதியோர் குடியிருப்பில் நூற்றுச்சொச்சம் பேர் இருக்கிறோம். துணைவிதிகளை முழுதாகப் படித்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் காலையில் நடக்கிறார்கள், மாலையில் டீ குடித்தபடி வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறார்கள்.

எனக்குப் பிடிக்காதது இங்கே ஓட்டுப் போடும் முறை. சங்கத்தைத் தொடங்கிய ஒரு புள்ளியியல் பேராசிரியர் புகுத்திவிட்டுப் போனது. அவர் போய்ச்சேர்ந்துவிட்டார், முறை போகவில்லை. எல்லா வேட்பாளர்களுக்கும் 1, 2, 3 என்று விருப்ப வரிசைப்படி எண் போட வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் முதல் இடம் கிடைக்காவிட்டால் கடைசியில் நிற்பவரை நீக்கிவிடுவார்கள். அவரை முதலாவதாகப் போட்ட சீட்டுகளில் இரண்டாவதாக யார் இருக்கிறாரோ, அந்த ஓட்டு அவருக்குப் போய்விடும். ஒருவனுக்கு விழுந்த ஓட்டு இன்னொருத்திக்குப் போவதாவது!

இந்தத் தேர்தலில் ஒரே பிரச்சினை 'அரவணைப்பு'. பி பிளாக்கின் தரைத்தளத்தை மறதி நோய் உள்ளவர்களுக்கான பிரிவாக நிர்வாகம் மாற்றியிருக்கிறது. கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள், எந்நேரமும் ஆயாக்கள், தனிக் கட்டணம். குடும்பத்தார் கையெழுத்தும் டாக்டர் சான்றும் இருந்தால் ஒருவரை அங்கே மாற்றலாம் என்கிறது நிர்வாகம். நானும் அப்படித்தான் சொல்கிறேன். போகிறவருடைய சம்மதமும் வேண்டும் என்று மேட்ரன் வீடு வீடாகப் போய்ப் பேசுகிறாள். மறதிக்காரரிடம் சம்மதம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

என் வீட்டுக்காரி குமுதவல்லி இஸ்திரி போட்டு வைத்த சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. சொன்னேன். "ஊசிநூலு அந்த டப்பாவுலதானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 9, வியாழன்

வெந்நீர்க் குழாய் ஒழுகுகிறது. இரண்டு முறை புகார் எழுதிக் கொடுத்தாயிற்று.

ஜனவரி 12, ஞாயிறு

தோற்றுவிட்டேன்.

அப்படி எழுதுவதே தவறு. முதல் சுற்றில் எனக்கு 50, மேட்ரனுக்கு 41, ஆராவமுதனுக்கு 29. எந்த ஊரிலும் இதற்குப் பெயர் வெற்றி. இங்கே ஆராவமுதனை நீக்கிவிட்டு அவருடைய சீட்டுகளைப் பிரித்தார்கள். இருபத்து நான்கு மேட்ரனுக்குப் போனது, எனக்கு ஐந்து. ஃபிலோமினா தலைவர்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எண்ணும்போது நடந்ததுதான் பெரிது.

நிர்வாகி கிருபாகரன் ஒவ்வொரு சீட்டாக எடுத்து மைக்கில் படித்துக்கொண்டிருந்தார். பாதியில் ஒரு சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல என்னமோ கோழி கிறுக்கின மாதிரி இருக்குதுங்க. செல்லாதுன்னு வெச்சுரலாமா?" என்று கேட்டார்.

ஆராவமுதன் எழுந்து போய் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "கிறுக்கல் இல்லை ஓய். இது தமிழ் எண். மேட்ரனுக்கு ௧, எனக்கு ௨. சென்னியப்பனுக்கு..." என்று நிறுத்தினார். பிறகு மெதுவாக, "௩" என்றார்.

கூடமே திரும்பியது. தமிழ் எண்ணில் எழுதுகிறவர் இங்கே ஒரே ஒருத்திதான். மெஸ் டோக்கன் முதல் மருந்து டப்பா வரை அப்படித்தான் எழுதுவாள். முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள். என் மனைவி.

குமுதவல்லி மூன்றாவது வரிசையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். பெண் குரல்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "கை தவறிப் போட்டுட்டியா?"

"இல்லீங்க. யோசிச்சுத்தான் போட்டேன்."

"ஆராவமுதனுக்குக் கீழயா நானு?"

"அவரு ஆரையும் பூட்டி வெக்கோணும்னு சொல்லலீங்களே" என்றாள்.

யோசித்துத்தான் போட்டாளாம். அவள் எதையும் யோசித்துச் செய்யும் நிலையில் இல்லை என்பதைக் கொஞ்ச நாளாகவே நான் கவனித்துவருகிறேன். இங்கே எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி 13, திங்கள்

காலையில் காபி இல்லை. கேட்டதற்கு, "இன்னைக்குப் போடலீங்க" என்றாள். மறதி.

ஜனவரி 14, செவ்வாய்

புல்வெளியில் பொதுப் பொங்கல். போகாமல் இருந்தால் வேறு மாதிரிப் பேசுவார்கள் என்று போனேன். குமுதவல்லி பெண்களோடு கரும்பு நறுக்கிக்கொண்டிருந்தாள். மேட்ரனும் அங்கேதான் இருந்தாள்.

ஆராவமுதன் கையில் பொங்கல் தொன்னையோடு வந்தார். நாலைந்து பேர் சுற்றி நிற்கிறார்கள். "என்ன ஓய், ஐம்பது பேர் மனசைப் பிடிச்சீர். ஆத்துக்காரி மனசைப் பிடிக்க முடியலியே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வக்கீல் மாசிலாமணிக்குப் புரையேறிவிட்டது.

நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாயில் வந்தது. "அவளுக்கு ஞாபகம் சரியில்லைங்க. வெளிய சொல்ல வேண்டாம்னு இருந்தேன்."

சிரிப்பு பட்டென்று நின்றது. மாசிலாமணி தன் தொன்னையைப் பார்த்தார். ஆராவமுதன் என் தோளைத் தொட்டு, "மன்னிச்சுக்கோங்கோ. நேக்குத் தெரியாது" என்றார். அரைமணி நேரத்தில் மூன்று பேர் தனித்தனியாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் எனக்கு இன்னொரு வடை கொண்டுவந்து கொடுத்தாள்.

மனிதர்களிடம் இரக்கம் இன்னும் இருக்கத்தான் செய்கிறது.

ஜனவரி 17, வெள்ளி

தினமும் கூட நடக்கப் போகும் சுகந்தி அம்மாள் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. குமுதவல்லி நடந்துவிட்டு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றாள்.

"எனக்கு ஞாபகம் கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களாமா?"

"உன்னோட மானத்தைக் காப்பாத்தத்தான் சொன்னேன்."

"என்னோட மானத்தையா?"

"புருஷனைக் கடைசியில போட்டவன்னு நாலு பேரு பேசறதைவிட இது தேவலை."

"எனக்கு அதுவே தேவலைங்க" என்றாள். பிறகு, "அவங்ககிட்டப் போயி, சும்மா சொன்னேன்னு சொல்லீருங்க" என்றாள்.

நான் பேப்பரை எடுத்துக்கொண்டேன். கோபம் அதிகமாக வருகிறது. இதுவும் ஒரு அறிகுறி என்று எங்கோ படித்த ஞாபகம்.

ஜனவரி 21, செவ்வாய்

நல்ல வேலை நடந்தது. கிருபாகரன் அறையில் நானும் ஆராவமுதனும் உட்கார்ந்து துணைவிதித் திருத்தம் ஒன்றைத் தயாரித்தோம். ஒன்று: விருப்ப வரிசை முறை ரத்து. இனி ஒருவருக்கு ஒரே குறி, அதிகக் குறி வாங்கியவர் தலைவர். இரண்டு: அரவணைப்புக்கு மாற்றக் குடும்பத்தார் கையெழுத்தும் டாக்டர் சான்றும் போதும், அங்கே இருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது. இரண்டையும் ஒரே தீர்மானமாக வைக்கிறோம். நிறைவேறினால் உடனே மறுதேர்தல்.

கிருபாகரனுக்கு இரண்டாவது முக்கியம். மேட்ரன் பதவியேற்ற வாரமே, சம்மதம் இல்லாமல் யாரையும் மாற்றக் கூடாதென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். பதினான்கு கட்டிலில் நான்குதான் நிரம்பியிருக்கிறது. எனக்கு முதலாவது முக்கியம். ஆராவமுதனுக்குத் துணைத்தலைவர் பதவி.

"காரணம்னு ஒண்ணு சொல்லணுமே ஓய். வெறுமனே எடுன்னா எடுப்பாளா?" என்றார் ஆராவமுதன்.

"வயசானவங்களை இந்த முறை குழப்புது. ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசைப்படுத்தற தெளிவு எல்லாருக்கும் இருக்காது" என்றேன்.

"அதுக்கு அத்தாட்சி?"

கிருபாகரன் பேனாவை மேசையில் உருட்டியபடி, "ஐயா வீட்டம்மா விஷயம் போதுமேங்க" என்றார்.

நான் மறுக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

ஜனவரி 28, செவ்வாய்

மெல்பர்னிலிருந்து மகள் அருள்மொழி அழைத்தாள். குமுதவல்லி தானாகவே அவளுக்குப் போன் செய்து என்னென்னவோ சொல்லியிருக்கிறாள்.

"ஏப்பா, ஓட்டுப் போட்டதுக்கா அம்மாகூடச் சண்டை? இங்க நாங்க எல்லாரும் அப்படித்தான் நம்பர் போட்டு ஓட்டுப் போடறோம். பக்கத்து வீட்டுல தொண்ணூறு வயசு அம்மா ஒண்ணு இருக்குது, அதுவும் போடுது. ஆரும் குழம்பறதில்லை."

"ஓட்டு இல்லம்மா விஷயம்" என்றேன். நிதானமாக எடுத்துச் சொன்னேன். காபி போட மறப்பது, பொத்தான் தைக்க மறப்பது, காரணமில்லாத கோபம், சொந்தப் புருஷனையே அடையாளம் தெரியாமல் மூன்றாவதாகப் போட்டது. கடைசியில் அருள்மொழி அழுதாள். "எங்கிட்ட நல்லாத்தானேப்பா பேசினாங்க" என்றாள். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

குமுதவல்லியின் போனை இனி நானே வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தேன். யார் யாருக்கோ அழைத்துவிடுகிறாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நிர்வாகம் அழைத்துவரும் டாக்டரிடம் குமுதவல்லியைக் கூட்டிப்போனேன். ரத்த அழுத்தம் பார்க்க என்று சொல்லித்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

இளவயது டாக்டர், மரியாதையான பையன். முதலில் தேதி, கிழமை, ஊர்ப் பெயர் கேட்டார். "இதெல்லாம் எதுக்குங்க தம்பி கேக்கறீங்க? அதைச் சொல்லுங்க, அப்புறம் சொல்றேன்" என்றாள். ஒத்துழைக்கவில்லை என்று எழுதிக்கொண்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "எதுக்குக் கூட்டீட்டு வந்தீங்கன்னு இப்பத் தெரிஞ்சுது" என்றாள். கழிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து பத்து மணி பத்து நிமிடம் காட்டச் சொன்னார். இதை மட்டும் ஏனோ வரைந்தாள். வட்டம் நன்றாகத்தான் வந்தது. முட்கள் இரண்டும் போட்டாள். எண்களை அவளுடைய வழக்கப்படி எழுதினாள்.

டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். "இது என்னம்மா?"

"தமிழ் எண்ணுங்க தம்பி."

"அப்படீங்களா" என்று சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இப்பல்லாம் இப்படித்தான் எதையாச்சும் எழுதறாங்களா சார்?"

"ஆமாங்க" என்றேன்.

அது உண்மைதானே. டாக்டர் அந்த எண்களைப் படித்துக் காட்டச் சொல்லி என்னைக் கேட்கவில்லை. மருத்துவ விஷயத்தில் குறுக்கே பேசுவதும் முறையல்ல. கடிகாரத்துக்குப் பூஜ்யம் போட்டார்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும், "நானு எழுதினது உங்களுக்குப் படிக்கத் தெரியுமில்லீங்க?" என்று கேட்டாள்.

சான்று மாலைக்குள் கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 7, வெள்ளி

வெந்நீர்க் குழாய் சரியாகிவிட்டது. கிருபாகரன் தானே நேரில் வந்து ஆளை வைத்துப் பார்த்துக்கொடுத்தார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். மருதமலைக்குப் போகும் கூட்டத்தால் சாலை நெரிசல், பேப்பர் தாமதம்.

பதினோரு மணிக்கு மேட்ரன் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சமையலறையில் குமுதவல்லி பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சார், நான் முப்பது வருசம் வார்டு பாத்தவ. மறதி வந்தவங்களை ஆயிரம் பேரைக் குளிப்பாட்டியிருக்கேன். அம்மாவுக்கு ஒண்ணும் கிடையாது. உங்களுக்கே தெரியும்."

"நீங்க ஜெயிச்சதே அந்த முறையாலதான். அதைக் காப்பாத்தணும். அதுக்காகப் பேசறீங்க."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தி, "சரி. அப்ப ஒண்ணு செய்வோம். நான் இன்னைக்கே ராஜினாமா எழுதித் தர்றேன். நீங்களே தலைவரா இருங்க. யாரும் எதிர்த்து நிக்காமப் பாத்துக்கறேன். அந்த முறையையும் எடுத்துக்கோங்க, ஒருத்தருக்கு ஒரு ஓட்டுன்னு வெச்சுக்கோங்க. அம்மாவை மட்டும் விட்டுருங்க. அந்த சான்றைக் கிழிச்சுப் போட்டுருங்க" என்றாள்.

பாத்திரச் சத்தம் நின்றது.

தலைவர் பதவி, நான் கேட்ட விதித் திருத்தம், இரண்டையும் கையில் கொண்டுவந்து வைக்கிறாள். யோசித்தேன். சான்றைக் கிழித்தால் குமுதவல்லி தெளிவாக இருக்கிறாள் என்று ஆகும். தெளிவாக இருந்து என்னை மூன்றாவதாகப் போட்டாள் என்று ஆகும். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து அந்த முகங்களை வருடம் முழுக்கப் பார்க்க வேண்டும்.

"இது கொள்கைப் பிரச்சினை, மேடம். பேரம் பேசறதுக்கில்லை" என்றேன்.

"கொள்கையா?" என்றாள். சமையலறை வாசலைப் பார்த்து, "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குமுதவல்லி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அவங்க குடுக்கறேன்னு சொன்னாங்களே. வாங்கியிருக்கலாமில்லீங்க" என்றாள். அழவில்லை. விசாரிப்பதுபோலத்தான் கேட்டாள்.

மார்ச் 2, ஞாயிறு

பொதுக்குழு. கூடம் நிறைந்துவிட்டது. சக்கர நாற்காலிகளை முன்னால் விட்டார்கள்.

ஆராவமுதன் தீர்மானத்தை முன்மொழிந்தார். யாரையும் புண்படுத்தாமல் நன்றாகவே பேசினார். "ஓட்டுங்கறது எளிமையா இருக்கணும். பரீட்சை மாதிரி இருக்கப்படாது. மூணு பேருக்கே இந்தக் குழப்பம்னா, அடுத்த தடவை ஆறு பேர் நின்னா என்னாகும்?"

மேட்ரன் எதிர்த்துப் பேசினாள். "மூணு பேர் நின்னு ஒரே குறின்னு வெச்சா, பாதிப் பேருக்கு மேல வேண்டாம்னு நினைக்கற ஆள் தலைவரா வந்து உக்காந்திடலாம். ஒண்ணு ரெண்டு மூணுன்னு போடறப்ப, நமக்குப் பிடிச்சவர் வரலைன்னாலும் சகிச்சுக்கக் கூடியவராவது வருவார். வீட்டுல இட்லி இல்லைன்னா தோசை குடுன்னு கேக்கறோம், அதுல யாரும் குழம்பறதில்லையே. இந்த முறையால குழப்பம்னு சொல்றவங்க, போன தேர்தல்ல ஒரு செல்லாத சீட்டைக் காட்டுங்க."

ஒரு சீட்டுகூடச் செல்லாமல் போகவில்லை. கூட்டம் அவள் பக்கம் சாய்வது தெரிந்தது. மாசிலாமணி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கிருபாகரன் எழுந்து, "செல்லாத ஓட்டு இல்லைங்க. ஆனா நோயாளி ஓட்டு இருந்துச்சு. பேரு சொல்ல விரும்பலை" என்றார். எல்லோரும் பேர் சொல்லாத அந்த ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

குமுதவல்லி எழுந்துவிட்டாள்.

"என்னைத்தான் சொல்றாரு. நானே பேசறேன்" என்றாள். மைக் வேண்டாமென்று கையால் விலக்கினாள். வகுப்பில் பேசிப் பழகிய குரல், கடைசி வரிசை வரை கேட்டது. "எனக்கு ஒரு நோயும் இல்லைங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு எனக்கு எழுதவும் தெரியும், படிக்கவும் தெரியும். எங்க வீட்டுக்காரரை மூணாவதாப் போட்டது தெரிஞ்சுதான் போட்டேன். நாப்பத்தாறு வருசம் அவரோட இருந்திருக்கறேன். அவரு கைக்கு அதிகாரம் வந்தா என்ன செய்வாருன்னு உங்களைவிட எனக்குத் தெரியும். அதான் போட்டேன். அதுக்குத்தான் இப்ப என்னைப் பைத்தியமாக்கறாங்க. நீங்க ஆராவது ஒருத்தரு எங்கிட்ட வந்து என்ன வேணும்னாலும் கேளுங்க. பதில் சொல்றேன்."

யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் எழுந்து அவளிடம் போனேன். தோளில் கை வைத்தேன். குழந்தையிடம் பேசுவதுபோல மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி, "சரி குமுதா. சரி சரி. நீ சொல்றதுதான் சரி. வா, உக்காந்துக்கலாம்" என்றேன்.

அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "தொடாதீங்க!" என்று கத்தினாள்.

முன்வரிசையில் ஒரு அம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். குமுதவல்லி ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "நான் நல்லாத்தானுங்க இருக்கறேன். சுகந்தி, நீயாவது சொல்லு. தினம் எங்கூட நடக்கறயே" என்றாள். அவள் தெளிவாகப் பேசப் பேச அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சுகந்தி அம்மாள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றில் இரண்டு பங்கு கை வேண்டும். அதைவிட அதிகமாகவே உயர்ந்தன. சுகந்தி அம்மாள் அழுதுகொண்டே கையைத் தூக்கினாள்.

மார்ச் 9, ஞாயிறு

குமுதவல்லி அரவணைப்புக்கு மாறினாள். பெட்டியை நானே அடுக்கினேன். சேலை ஆறு, துண்டு, பல்செட் டப்பா, கண்ணாடி. புத்தகங்கள் எடுத்துக்கொண்டாள், அவை மனதைக் குழப்பும் என்று கிருபாகரன் சொன்னதால் திரும்ப எடுத்து வைத்தேன். போனைப் பற்றி அவள் கேட்கவில்லை.

ஆயா வந்து வாசலில் நின்றாள். குமுதவல்லி தலையை வாரி முடித்து, கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ஒரு ஓட்டுக்காகவா?"

"எந்த ஓட்டு?" என்றேன்.

"சரி" என்றாள். எழுந்து அவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். ஆயா வாங்க வந்தபோது கொடுக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

வீடு அமைதியாக இருக்கிறது. நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 23, ஞாயிறு

மறுதேர்தல். புது முறை. சீட்டில் ஒரே ஒரு குறி. கால்மணி நேரத்தில் எண்ணி முடித்துவிட்டார்கள், எவ்வளவு சுத்தமான முறை!

எனக்கு 44. மேட்ரனுக்கு 37. வக்கீல் மாசிலாமணிக்கு 34. மாசிலாமணியைக் கடைசி நேரத்தில் நிற்கச் சொல்லி உற்சாகப்படுத்தியவர் ஆராவமுதன். அந்த மனிதருக்குத் தன் ஓட்டும் மேட்ரன் ஓட்டும் ஒரே இடத்திலிருந்து வருவது எண்ணி முடிக்கும்வரை தெரியவில்லை.

போன தடவையைவிட எனக்கு ஆறு ஓட்டுக் குறைவு என்று யாரோ சொன்னார்கள். தேவையில்லாத கணக்கு. மாலை போட்டார்கள். போட்டோ எடுக்கும்போது, "வீட்டம்மா இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாங்க" என்று சுகந்தி அம்மாள் சொன்னாள். ஆமாம் என்றேன்.

மேட்ரன் இந்த மாதக் கடைசியில் வேலூரில் தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறாளாம். நல்லது.

ஏப்ரல் 1, செவ்வாய்

அரவணைப்பில் இப்போது பதினொரு பேர். இன்று இரண்டு மகன்கள் கையெழுத்துப் போட்டார்கள். கிருபாகரன் லட்டு கொடுத்தார்.

ஏப்ரல் 4, வெள்ளி

மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அழுக்குத் துணியை எந்தக் கிழமை எடுக்க வருகிறார்கள் என்று தெரியவில்லை. ஆராவமுதனை டீக்குக் கூப்பிட்டேன். வேலை இருக்கிறதாம். போன வாரமும் இருந்தது. நான் போய் உட்கார்ந்தால் மாலை டீ மேசையில் பேச்சு நின்றுவிடுகிறது. தலைவர் என்ற மரியாதை.

ஏப்ரல் 6, ஞாயிறு

அருள்மொழி அழைத்தாள். ஒரு ஆயாவின் போனை வாங்கிக் குமுதவல்லி அவளோடு பேசியிருக்கிறாள். அந்த ஆயா யார் என்று விசாரிக்க வேண்டும்.

"அப்பா, அம்மா தெளிவாப் பேசறாங்க. எம் பையனோட பரீட்சைத் தேதிகூட ஞாபகம் வெச்சுக் கேட்டாங்க. நீங்க அவங்களை வீட்டுக்குக் கூட்டீட்டு வாங்க. மே மாசம் நான் வர்றேன். வந்து நேர்ல பாக்கறேன்."

நாள் முழுக்க யோசித்தேன். யோசனை மோசமில்லை. தேர்தல் முடிந்துவிட்டது. விதி மாறிவிட்டது. இப்போது அவள் திரும்பி வந்தால் சிகிச்சையில் தேறினாள் என்றுதான் ஆகும். மனைவியைக் கைவிடாத மனிதன் என்ற பெயரும் வரும். சாப்பாட்டுப் பிரச்சினையும் தீரும். மகள் வரும்போது வீடு வீடாக இருக்கும்.

கிருபாகரனிடம் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை, ஒரு கட்டில் காலியாகும். ஆனால் தலைவர் சொல்லை மறுக்க முடியுமா? டாக்டர் ஒருமுறை பார்த்து எழுதிவிட்டால் போதும் என்றார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பத்து மணிக்கு அரவணைப்புக்குப் போனேன். டாக்டரும் வந்தார். ஆயா தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள்.

குமுதவல்லி ஜன்னலோரம் ஒரு கட்டிலில் உட்கார்ந்து, நடுக்கம் உள்ள ஒரு அம்மாளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். சேலை சுத்தமாக இருந்தது.

"இவங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லைங்க டாக்டரு" என்றாள் ஆயா. "இங்க இருக்கற அத்தனை பேரு பேரும் சொல்லுவாங்க. மாத்திரை நேரத்தை எங்களுக்கே ஞாபகப்படுத்தறாங்க. எம் மகனுக்குச் செய்யுள் எல்லாம் சொல்லித் தாராங்க."

டாக்டர் மகிழ்ச்சியாகவே தலையாட்டினார். "அப்ப நல்ல முன்னேற்றம் சார். வீட்டுக்கே கூட்டீட்டுப் போகலாம்." அவள் பக்கம் குனிந்து, "அம்மா, உங்களை வீட்டுக்குக் கூட்டீட்டுப் போக வந்திருக்காங்க. இவர் யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்?" என்றார்.

குமுதவல்லி சீப்பை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். முகம், வேட்டி, செருப்பு, மறுபடி முகம். அவசரப்படவே இல்லை. அந்தக் கண்ணில் ஒரு குழப்பமும் கிடையாது.

"தெரியலீங்க தம்பி" என்றாள்.

"நல்லாப் பாருங்கம்மா."

"பாத்துட்டேனுங்க. பெரியவரு ஆரையோ தேடி வந்திருக்காரு போல. வெயில்ல வந்திருக்காரு, உக்காரச் சொல்லித் தண்ணி குடுங்க."

"குமுதா, நான்தான்" என்றேன். "விளையாடாதே. அருள்மொழி வர்றா மே மாசம்."

"மக வாரதுங்களா? சந்தோசமுங்க. இங்க வந்து எம் பேரைச் சொன்னா ஆயாவே உள்ள கூட்டீட்டு வருவாங்க" என்றாள். சீப்பை எடுத்து மறுபடி வார ஆரம்பித்தாள். அந்த அம்மாளின் முடியை இரண்டாகப் பிரித்து, நேராக வகிடு எடுத்தாள்.

நான் டாக்டரிடம் ஒன்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

டாக்டர் கோப்பில் எழுதிக்கொண்டே என் முழங்கையைத் தொட்டு ஓரமாக அழைத்துப் போனார். "வருத்தப்படாதீங்க சார். சில பேருக்கு ரொம்ப நெருங்கினவங்கதான் முதல்ல மறந்து போவாங்க. மத்த எல்லாரையும் தெரியும், உங்களை மட்டும் தெரியாது. இந்த நிலையில வீட்டுக்கு அனுப்ப முடியாது. இங்கயே இருக்கட்டும்."

ஆயா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கொடுக்கச் சொன்ன தண்ணீர். குடித்தேன்.

வீட்டுக்கு வந்து அருள்மொழிக்குச் செய்தி அனுப்பினேன். அம்மாவுக்கு நோய் முற்றிவிட்டது, என்னையே அடையாளம் தெரியவில்லை, டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், நான் முதலிலிருந்தே சொன்னதுதான் என்று.